ஒன்றையும் விடாத பெண்

கேள்வி கேட்டால் பதில் வரும். சரியான பதிலா என்பது வேறு விஷயம். அதற்கு அந்தப் பெண் பொறுப்பு ஏற்றுக்கொண்டதில்லை.

"பாப்பா, சங்கராபுரம் பஸ்சு எங்க நிக்கும்?"

"நேராப் போயி லெஃப்ட்ல திரும்புங்க. அஞ்சு நிமிசத்துல வந்துடும்."

கேட்டவர் நேராகப் போய் இடது பக்கம் திரும்புவார். அங்கே மாட்டுத் தீவனக் கடை இருக்கும். அஞ்சு நிமிடம் நிற்பார். தவிட்டு மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி வரும். திரும்பி வந்து எங்கள் கடை வாசலில் நின்று முறைப்பார். அதற்குள் அவள் வேறொருவருக்கு வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

நான் மருந்துக்கடையில் பெட்டி தூக்குகிறவன். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் கடை. படிப்பு ஆறாவது. முழுப் பரீட்சைக்குப் போகவில்லை. அதனால் நான் ஃபெயில் என்று எவனும் சொல்ல முடியாது. முதலாளியை ஊரே பாய் என்று கூப்பிடும். நானும் அப்படித்தான். பார்மசிஸ்ட் ஒருவர் உண்டு. அவருடைய சர்டிபிகேட் தினமும் சுவரில் இருக்கும். அவர் சில நாள் இருப்பார்.

அந்தப் பெண்ணின் பேரை எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கள் சொந்தம் என்று நாலு பேர் கிளம்பி வருவார்கள். அவள் தோற்றபோது அந்த நாலு பேரையும் நான் பார்த்ததில்லை.

அவளை அவள் அப்பாதான் கூட்டி வந்தார். வெள்ளிமலைக்கும் மேலே ஒரு ஊர். மரவள்ளி போடுகிற குடும்பம். கிழங்கு ஏற்றிவிட்டு இறங்கும்போதெல்லாம் எங்கள் கடையில் மூட்டுவலித் தைலம் வாங்குவார். அப்படிப் பழக்கம். அன்றைக்குத் தைலம் கேட்கவில்லை.

"மொதலாளி, புள்ள பன்னெண்டாவதுல நல்ல மார்க்கு. டாக்டர் பரிச்ச எழுதுச்சு, கெடைக்கல. இன்னொரு தபா எழுதறேன்னு ஒத்தக் கால்ல நிக்குது. எழுதட்டுமா, நிறுத்திடலாமான்னு யோசிச்சிக்கினு இருக்கறேன். அதுவரைக்கும் உங்க கடையில நிக்கட்டும். மருந்து பேராவது தெரிஞ்சிக்கட்டும்."

பாய் அவளைப் பார்த்தார்.

"இன்னாம்மா, இன்னொரு தபா எழுதினா கெடைக்குமா?"

"கெடச்சிடும்."

பட்டென்று வந்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். போன தடவையும் இதே வேகத்தில்தான் சொன்னாளாம்.

நீட்டைப் பற்றி எங்கள் கடை வாசலில் கருத்து இல்லாதவர் எவருமில்லை. காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க வருகிறவர் காய்ச்சலை மறந்துவிட்டுக் கருத்து சொல்வார். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கும் ஒருவர், ஒரு வருஷம் முழுக்க லாங் டெர்ம் கோச்சிங் சேர்க்காவிட்டால் வாழ்க்கை போச்சு என்றார். அவர் மகன் லாங் டெர்ம் போய்விட்டு இப்போது செல்போன் கடை வைத்திருக்கிறான். கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர் மாட்டு டாக்டருக்குப் படிக்கச் சொன்னார்.

"மனுசனுக்கு வைத்தியம் பாத்தா ஆயிரம் கேள்வி கேப்பான். மாடு கேக்குமா? ரோசன பண்ணு பாப்பா."

"ஆமாங்க. மாடு கேக்காதுங்க" என்றாள் அவள். நர்சிங் படி என்ற அம்மாளிடமும் ஆமாங்க என்றாள். அக்ரி படி என்றவரிடமும் ஆமாங்க. எல்லோரும் தங்கள் பேச்சைக் கேட்டுவிட்டாள் என்று நிம்மதியாகப் போனார்கள்.

ஒரு கோச்சிங் சென்டர் ஆள் நோட்டீஸ் கொண்டுவந்து கொடுத்தார். இடம் கிடைத்த பையன்கள் படம் வரிசையாக இருந்தது. எல்லோரும் ஒரே கோட்டு. உற்றுப் பார்த்தேன். எல்லாக் கோட்டிலும் அதே மூன்றாவது பொத்தான் இல்லை. ஒருவன் கழற்றக் கழற்ற அடுத்தவன் மாட்டியிருக்கிறான்.

அவள் ஏன் தோற்றாள் என்று இத்தனை பேரில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டது பாய். கேட்டதும் கரிசனத்தில் இல்லை. மழை பெய்தது, வியாபாரம் இல்லை, பொழுது போகவில்லை.

"அந்தப் பரிச்ச தாளு வெச்சிருக்கியா?"

பிரவுசிங் சென்டரில் எடுத்த நகல் வைத்திருந்தாள். தாள் முழுக்கச் சின்னச் சின்ன வட்டம். ஒவ்வொரு கேள்விக்கும் நாலு வட்டம், அதில் ஒன்றைக் கறுப்பாக்க வேண்டும். பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ் வரை பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஒன்னுகூட வுடலியா?"

"இல்ல பாய்."

"எல்லாத்துக்கும் பதில் தெரியுமா?"

"பாதி தெரியும். மீதி தோணினது போட்டேன்."

"ஏன்?"

அவளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "எங்க சாரு சொல்லியிருக்காரு பாய். எதையும் வெறுமன வுட்டுட்டு வரக்கூடாது. கேள்வி நம்பரப் போட்டு எதனா எழுதிடணும். ஒன்னுமே தெரியலன்னா கேள்வியவே திருப்பி எழுதிடணும். திருத்தறவங்க அட்டெண்ட் பண்ணியிருக்குன்னு ரெண்டு மார்க் போட்டுடுவாங்க."

"போட்டாங்களா?"

"ப்ளஸ் டூல போட்டாங்க."

"அது வாத்தியாரு திருத்தறது. மலையில படிக்கற புள்ளன்னு பாவம் பாப்பாரு. இது மெசினு. மெசினுக்கு வூட்டுல புள்ளகுட்டியா இருக்குது?"

சரியான பதிலுக்கு நாலு மார்க். தப்புக்கு ஒரு மார்க் பிடுங்கிக்கொள்வார்கள். தொடாமல் விட்டால் பூஜ்யம், கொடுப்பதும் இல்லை பிடுங்குவதும் இல்லை. இது அவளுக்குத் தெரியாததில்லை. தாளிலேயே அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் பதினேழு வருஷமாக நாக்கிலும் கையிலும் ஏறிய பழக்கம் அச்சடித்ததைப் படித்து இறங்கிவிடுமா?

தோன்றியதைப் போட்டதில் பத்துக்கு ஒன்பது தப்பு. பாய் மருந்துப் பெட்டி அட்டையில் கழித்துப் பார்த்தார். தெரியாததை எல்லாம் சும்மா விட்டிருந்தால் வரக்கூடிய மார்க்கை எழுதினார். அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் போன வருஷம் கடைசியாக இடம் கிடைத்த மார்க்கைப் பக்கத்தில் எழுதினார். இரண்டுக்கும் நடுவில் விரல் நுழையாது.

அவள் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோற்றது தெரியாத கேள்வியால் இல்லை. தெரியாததற்குச் சொன்ன பதிலால்.

அடுத்த தடவை அப்பா வந்தபோது பாய் அட்டையைக் காட்டினார். அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். ஆனாலும் புரிந்துகொண்டார்.

"அப்ப படிப்பு பத்தாம இல்ல. வாய் ஜாஸ்தி."

"அதேதான்" என்றார் பாய்.

"சரி. இன்னொரு தபா எழுதட்டும். இதான் கடைசி. அப்புறம் நான் சொல்ற எடத்துல கழுத்த நீட்டணும்."

கோச்சிங் எல்லாம் இல்லை. பாடம் அவளே படித்துக்கொள்வாள். நாங்கள் சொல்லித்தர வேண்டியது ஒன்றே ஒன்று. வாயை மூடுவது. அதற்குக் கள்ளக்குறிச்சியில் கோச்சிங் சென்டர் கிடையாது.

பாய் ஒரு வழி சொன்னார். சில்லறைக்குப் பதிலாகக் கொடுக்கும் மிட்டாய் பாட்டில் கல்லாவில் இருக்கும். கடைக்கு வருகிறவர்களிடம் ஒரு தடவை 'தெரியாது' என்று சொன்னால் அவளுக்கு ஒரு மிட்டாய். ஒரு நாளைக்குக் குறைந்தது பத்து எடுக்க வேண்டும்.

முதல் நாள் சாயங்காலம் வரை ஒன்றுதான் எடுத்திருந்தாள். அதுவும் எப்படி? ஒரு வசூல்காரர் வந்து "பாய் எங்கம்மா?" என்றார். "தெரியாதுங்க" என்றாள். பாய் அவளுக்குப் பின்னால் குனிந்து செருப்பு தேடிக்கொண்டிருந்தார். தெரியாது என்று அவள் சொன்ன ஒரே தடவையும் பொய்.

"இதுக்கு மிட்டாய் உண்டா பாய்?"

"இதுக்கு ரெண்டு எடுத்துக்கோ."

மிட்டாய் வேலைக்கு ஆகவில்லை. பிறகு வந்த யோசனை என்னுடையது. ஆறாவது படித்தவனின் யோசனை. அதற்குத் தகுந்த மரியாதையோடு கேட்டுக்கொள்ளலாம்.

மத்தியானம் கடை ஓய்ந்திருக்கும்போது பின்னால் இருக்கும் குடோனில் குளுக்கோஸ் பெட்டிமேல் உட்கார்ந்து மாதிரித் தேர்வு எழுதுவாள். நான் எதிரே உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டுவேன். கேள்வியைப் படிப்பாள். எனக்கு ஒன்றும் புரியாது. தவளை என்று வந்தால் மட்டும் புரியும். விடை தெரியும் என்றால் என் கையில் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். அடித்தால் வட்டத்தைக் கறுப்பாக்கலாம். கை பாதியில் நின்றால் அந்தக் கேள்வியை விட்டுவிட வேண்டும்.

"தெரியும்ணா."

"அடி."

"கிட்டத்தட்ட தெரியும்ணா."

"கிட்டத்தட்ட சத்தியம்னு ஒன்னு இருக்குதா? அடி, இல்ல வுடு."

முதல் வாரம் அத்தனைக்கும் அடித்தாள். பொய்ச் சத்தியத்துக்குக் கை அழுகும் என்றால் அவளுக்கு முழங்கை வரை போயிருக்கும். சரிபார்த்ததும் எத்தனை தப்போ அத்தனை நிமிடம் நான் பேசாமல் எழுந்து போய்விடுவேன். அவளுக்கு அது பொறுக்காது. பேச்சில்லாத இடம் அவளுக்கு மூச்சு முட்டும். மெல்ல மெல்ல கை நிற்க ஆரம்பித்தது. பத்துக்கு ஒன்று, பத்துக்கு இரண்டு என்று விட்டாள். விடும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். சொத்தை எழுதிக் கொடுக்கிற மாதிரி இருக்கும்.

குடோனில் இப்படி. ஆனால் கடை முன்னால் போனால் பழைய ஆள்தான். பரீட்சைக்குத்தான் சத்தியம், ஜனங்களுக்கு இல்லை என்று நினைத்தாளோ என்னவோ.

பரீட்சைக்கு மூன்று மாசம் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். பார்மசிஸ்ட் சுவரில் இருந்தார். நான் ஏணிமேல் நின்று மேல் தட்டில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். கருணாபுரத்தில் இருந்து ஒரு பெண், இடுப்பில் கைக்குழந்தை. முதல் நாள் எங்கள் கடையில் வாங்கிய மருந்து பாட்டிலைக் கையில் வைத்திருந்தாள். டாக்டர் சீட்டு ஈரத்தில் ஊறி எழுத்து போயிருந்தது.

"கண்ணு, இத எவ்ளோ ஊத்தறது? வூட்டுல ஆளாளுக்கு ஒன்னு சொல்றாங்க."

"ஒரு மூடி ஊத்துங்கக்கா. காலைல ஒன்னு, சாயங்காலம் ஒன்னு."

ஏணிமேல் எனக்குக் கேட்டது. எனக்கும் தெரியாது. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. நான் அடுத்த பெட்டியை எடுத்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம். எழுதுகிறேன்.

அது சொட்டு மருந்து. பெட்டிக்குள் சொட்டுக் குழாய் இருந்திருக்கும். அதில் கோடு போட்டிருக்கும். அந்தக் கோடு வரைக்கும்தான் கொடுக்க வேண்டும்.

அஸ்தமிக்கும் முன்னால் குழந்தையின் அம்மா திரும்பி வந்தாள். குழந்தை வாந்தி எடுத்து எடுத்துத் துவண்டு போயிருந்தது. பாய் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டு அவரே ஏறி கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். எங்கள் கடைப் பெண்ணும் கூடவே ஓடிப் போய் ஏறிக்கொண்டாள்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. காலையில் பால் குடித்தது. பாய் வந்து சொன்னார். குழந்தையின் அம்மா கத்துவாள், கடையை உடைப்பாள் என்று எதிர்பார்த்திருந்தோம். அவள் கத்தவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் இவளைப் பக்கத்தில் கூப்பிட்டு ஒன்று சொன்னாளாம்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாம் இல்ல கண்ணு. நான் டாக்டராண்டையே போயிருப்பனே."

அவ்வளவுதான். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பாய் அவளைக் கல்லாப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவளும் வரவில்லை. குடோனிலேயே இருந்தாள். சுவரில் இருந்த பார்மசிஸ்டை இறங்கி வந்து தினமும் நாற்காலியில் உட்காரச் சொன்னார் பாய். அதற்கு ஒரு குழந்தை வாந்தி எடுக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு நான் கையை நீட்டினால் அவள் அடிக்கவே மாட்டாள். கேள்வியைப் படிப்பாள். கை மேலே போகும். நிற்கும்.

"தெரியுமா?"

"தெரியலண்ணா."

"நேத்து இதையேதான் சரியா சொன்ன?"

"நேத்து தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு."

நாங்கள் வாயை மூடச் சொல்லிக்கொடுத்தோம். அது ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டது. எங்கள் கோச்சிங்கின் தரம் அப்படி.

பரீட்சை அன்று என் மொபெட்டில்தான் கூட்டிப் போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. தோடு, கொலுசு, ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். எல்லாம் என் சட்டைப் பையில். மூன்று மணி நேரத்துக்கு மேல் வேப்ப மரத்தடியில் கொலுசுச் சத்தத்தோடு நின்றேன். சுற்றி நின்ற அப்பாக்கள் எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

வெளியே வந்தாள்.

"எத்தினி வுட்ட?"

"அறுவது இருக்கும்ணா."

"அறுவதும் தெரியாதா?"

கேள்வித்தாளைக் காட்டினாள். அறுபதில் முப்பதுக்கு மேல் ஒரு விடைக்குப் பக்கத்தில் பேனாவால் டிக் அடித்திருந்தாள். அத்தனையும் சரி என்று பிறகு விடை வந்ததும் தெரிந்தது. விடைத்தாளில் வட்டத்தைத்தான் கறுப்பாக்கவில்லை. டிக் அடிக்கும்போது தெரிந்திருக்கிறது. வட்டத்துக்குப் போகும்போது அந்தக் குழந்தை வந்துவிட்டது. அவள் அப்படிச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

முடிவு வந்தது. போன தடவையைவிட மார்க் ஜாஸ்தி. தேவையான மார்க்குக்கு நாலு கேள்வி கம்மி. நாலே நாலு. டிக் அடித்ததில் எந்த நாலைப் போட்டிருந்தாலும் போதும்.

கருத்துக்காரர்கள் மறுபடி வந்தார்கள். குமாஸ்தா, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். அவர் அப்போது சொன்னது வேறு. அதை நினைவுபடுத்தினால் அதுவும் இதுதான் என்பார்.

அப்பா மலையில் இருந்து இறங்கி வந்தார். வாக்கு வாக்குதான் என்றார். அவள் பதில் பேசவில்லை. முன்பென்றால் ஒன்பது பதில் வந்திருக்கும்.

ஆவணியில் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மலைக்குப் போகவில்லை, நேராகக் கடைக்கே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை, ஒரே நாள்தான் லீவு. பெண்ணை மருந்துக்கடையில் பார்த்த கல்யாணம் கள்ளக்குறிச்சியில் அதற்கு முன் நடந்ததாக எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் அம்மா சும்மா வந்த மாதிரி இருக்கட்டும் என்று கேஸ் மாத்திரை ஒன்று கேட்டாள். மாப்பிள்ளை எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்று கொண்டார். இறங்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமன் தாம்பூலத் தட்டோடு நின்றார். கண்ணாடிக் கல்லாமேல் தட்டை வைத்தார்கள். வாழைப்பழம் இந்தப் பக்கம், இருமல் மருந்து அந்தப் பக்கம்.

பாய் குடோனில் இருந்து அவளைக் கூப்பிட்டார். வந்து நின்றாள்.

"சமையல் தெரியுமாம்மா?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"தெரியும்ங்க."

"தையலு?"

"தெரியாதுங்க."

"எங்க புள்ளயப் பாத்துக்கினியா? புடிச்சிருக்குதா? சம்மதமா?"

அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். மெஷினின் முள்ளையும் பார்த்திருப்பாள். பேசவில்லை.

தாய்மாமன் சிரித்தார். "பொண்ணு வெக்கப்படுது. இதுக்கு மேல இன்னா கேக்கறது? சம்மதந்தான். தட்ட மாத்துங்க."

அவள் அப்பா கையை நீட்டினார். அப்போதுதான் சொன்னாள்.

"நான் இன்னும் ஒன்னும் சொல்லலிங்க."

"அதான் பேசாம நின்னுட்டியே தாயி."

"பேசாம நின்னா அது பூஜ்யங்க. சரின்னும் இல்ல, தப்புன்னும் இல்ல. நான் வுட்ட எடத்துல நீங்களா வட்டம் போடாதீங்க."

தாய்மாமனுக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னா பாய், பொண்ணு கணக்கு பேசுது?"

"ரெண்டு தபா பரிச்ச எழுதியிருக்குதுங்க. அதோட பழக்கம்" என்றார் பாய். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. வியாபாரி.

"சரி, சம்மதமா இல்லியா? அதையாவது சொல்லச் சொல்லுங்க" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"சம்மதம் இல்லிங்க. இது தெரியும். சத்தியமாத் தெரியும்."

எல்லோரும் அவள் அப்பாவைப் பார்த்தார்கள். அடிப்பார் என்று நான் நினைத்தேன். அவர் நீட்டிய கையை மடக்கிக்கொள்ளாமல் அப்படியே நின்றார். பிறகு அத்தனை பேர் முன்னாலும் அவளைக் கேட்டார்.

"சரி. இன்னும் ஒரு தபா எழுதினா எடம் கெடைக்குமா?"

கிடைக்கும் என்று சொல்லித் தொலையேன் என்று எனக்கு இருந்தது. நாங்களே பூட்டிய வாயை அன்றைக்கு நானே திறந்துவிட்டிருப்பேன்.

அவள் யோசித்தாள். நிதானமாக யோசித்தாள்.

"தெரியாதுப்பா. தெரிஞ்ச கேள்விக்கு இந்தத் தபா பயப்படாம வட்டம் போடுவேன். தெரியாதத வுட்டுடுவேன். அத நான் பாத்துக்கறேன். எடம் கெடைக்குமான்னு எனக்குத் தெரியாது."

மாப்பிள்ளையின் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அதுக்கே தெரியலியாம்! இதுக்குப் போயி நல்ல எடத்த வுடறீங்களே!"

அப்பா தட்டை எடுத்து, பழம் சரியாமல் இரண்டு கையாலும் பிடித்து, தாய்மாமன் கையில் கொடுத்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. புள்ள எழுதட்டும்."

மாப்பிள்ளை மெஷினில் இருந்து இறங்கினார். அன்றைக்கு அவர் செய்த ஒரே காரியம் அதுதான். அதையும் ஒழுங்காகச் செய்தார்.

அவர்கள் போன பிறகு கேஸ் மாத்திரை கல்லாமேலேயே கிடந்தது. பாய் எடுத்து டப்பாவில் போட்டார்.

மூன்றாம் தடவை எழுதினாள். எத்தனை விட்டாள் என்று நான் கேட்கவில்லை. இடம் கிடைத்தது. தெற்கே, தூரத்தில் ஒரு ஊர், அரசாங்கக் கல்லூரி. கோச்சிங் சென்டர் ஆள் வந்து போட்டோ கேட்டார், நோட்டீஸில் போட. கோட்டு அவரே கொண்டுவந்திருந்தார். பாய் அவருக்கு மிட்டாய் ஒன்று கொடுத்து அனுப்பினார்.

எனக்குப் புரியாமல் இருந்தது அவள் அப்பாதான். கிடைத்துவிடும், கிடைத்துவிடும் என்று அவள் அடித்துச் சொன்னபோதெல்லாம் நம்பாத மனுஷன், தெரியாது என்றதும் எப்படி நம்பினார்? அவள் கல்லூரிக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் அவரும் நானும் நின்றோம். அவள் பஸ்ஸுக்குள் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கேட்டேன்.

அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க ஊருக்கு ஒருத்தன் பைக்குல வந்து ஊசி போடுவான். இவ அம்மாவுக்கு வயித்து வலின்னு கூப்ட்டோம். ஊசி போட்டான். பொழச்சிக்குமாய்யான்னு கேட்டேன். பொழச்சிக்கும்னான். ரெண்டு நாளு, பொழச்சிக்கும், பொழச்சிக்கும்னுக்கினே இருந்தான். நானும் நம்பிக்கினு இருந்தேன். எனக்குத் தெரியல, கீழ கொண்டு போன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, டோலி கட்டித் தூக்கிக்கினு எறங்கியிருப்பேன். நாலு பேரு ரெடியா நின்னுக்கினு இருந்தானுங்க."

கண்டக்டர் விசில் கொடுத்தார். அப்பா பஸ்ஸைப் பார்க்கவில்லை.

"இது ஒன்னுமே தெரியாம எல்லாத்துக்கும் பதில் சொல்லும்போது எனக்கு அவன் மூஞ்சிதான் ஞாபகம் வரும். இத டாக்டராக்கி யாரு வூட்டுக்கு அனுப்பறதுன்னு பயமா இருக்கும். அன்னிக்கு அந்த பயம் போச்சு."

பஸ் நகர்ந்தது. அவள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினாள். நான் ஆட்டினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கிழங்கு லாரி நிற்கும் பக்கமாக நடந்தார்.